உண்ணிச்செடி ஏன் திரும்பத் தழைக்கிறது?

கேள்வி: நண்பர்களோடு ஞாயிறுதோறும் காட்டோரம் உண்ணிச்செடி வெட்டுகிறோம். ஒரு மழை பெய்தால் மறுபடி தழைத்துவிடுகிறதே?
– வாசகர், கூடலூர்

பதில்: அரிவாளால் மேலாகக் கழித்தால், கவாத்து செய்ததுபோல் இன்னும் அடர்த்தியாகத்தான் வளரும். தூரைச் சுற்றி இரண்டு மூன்று விரற்கடை மண்ணை விலக்குங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். தூர் மண்ணில் படாமல் காய்ந்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை இது. பழம் கறுக்கும்முன் வெட்டிவிடுங்கள். பிறகென்றால் கொண்டைக்குருவிகள் விதையைக் காடெங்கும் தூவிவிடும். வெட்டிய இடத்தை வெறும் மண்ணாக விட்டாலும் உண்ணிதான் முதலில் முளைக்கும். உள்ளூர்ப் புல்விதை தூவுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் கைவைக்காதீர்கள். புதருக்குள் யானையே நின்றாலும் தெரியாது, காவலர் துணையோடு போங்கள்.