பத்து நாளுக்கு வரும் மாணவர் குழுவை எப்படி வரவேற்பது?

கேள்வி:

நான் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு சிறிய கிராமச் சபையின் செயலர். எங்கள் சபையார் பெரும்பாலும் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு பயிரிடுகிறவர்கள். சிலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரிலிருந்து அமெரிக்கா போய் அங்கேயே குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் ஒருவர், தன் மகள் படிக்கும் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் குழுவை வரும் ஜூன் மாதம் இங்கே அழைத்துவர விரும்புகிறார். பதினான்கு பேர், பத்து நாள்.

ஆலயச் சுவருக்கு வண்ணம் பூசுவது, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, பக்கத்து ஊர்களில் தெரு நாடகம் போட்டுக் கைப்பிரதி கொடுப்பது, ஒருநாள் மருத்துவ முகாம், மலையடிவாரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தைப் பார்ப்பது என்று நிகழ்ச்சி நிரலும் அனுப்பிவிட்டார்கள். வாலிபர்களுக்கு ஒரே உற்சாகம். பெரியவர்கள் தயங்குகிறார்கள். “சுற்றுலா விசாவில் வரட்டும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்” என்கிறார் கமிட்டியில் ஒருவர். “ஆலயக் கூரைக்குப் பணம் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்” என்கிறார் இன்னொருவர். நாங்கள் என்ன பதில் எழுதுவது?

– சபைச் செயலர், மேல்மலை

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

வரச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய நிரலை ஏற்காதீர்கள். நிரலை நீங்கள் எழுதி அனுப்புங்கள். அதற்கு அவர்கள் சம்மதித்தால் வரட்டும். இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

முதலில் சட்டம்

இந்தியாவில் மிஷனரிப் பணிக்கென்று தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆலயத்துக்கு வரலாம், ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. மதக் கொள்கையைப் பிரசங்கிப்பது, வழிபாட்டுத் தலங்களில் அதைப் பற்றிப் பேசுவது, கைப்பிரதியும் ஒலி-ஒளிப் பதிவுகளும் கொடுப்பது, மதமாற்ற முயற்சியில் ஈடுபடுவது ஆகியவை கூடாது என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. தெரு நாடகமும் கைப்பிரதியும் நேரே இந்தத் தடைக்குள் வருகின்றன. பிள்ளைகளுக்கு அவர்கள் வேதபாடம் நடத்துவதும், ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வதும்கூடப் பாதுகாப்பானவை அல்ல.

தமிழகத்தில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டதால் இனித் தடையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். விசா மத்திய அரசின் பொறுப்பு. மாநிலச் சட்டம் போனதால் விசா விதி போய்விடவில்லை. உங்கள் உறவினரோ அவர் மகளோ, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் இதே நிலைதான். அந்த அட்டை உள்ளவர்கள் மிஷனரிப் பணி செய்யச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது.

இ-சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு மிகாத, ஊதியமோ கைம்மாறோ இல்லாத தன்னார்வப் பணிக்கு இடம் உண்டு. நீங்கள் எழுதப்போகும் நிரல் அந்த வரம்புக்குள் நிற்கட்டும். அந்த நிரலையே விண்ணப்பத்துக்கு முன்பு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குக் காட்டி, எந்த விசா பொருந்தும் என்று கேட்டுவிடச் சொல்லுங்கள்.

“யாரிடமும் சொல்ல வேண்டாம்” என்ற யோசனையை இன்றே கைவிடுங்கள். பிடிபட்டால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். காவல் நிலையத்துக்கு அலையப்போவது நீங்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வந்த நோக்கத்தை மறைத்துக்கொண்டு சத்தியத்தைச் சொல்ல முடியாது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தந்திருக்கிறது. உங்கள் அயலாரிடம் உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். பத்து நாளில் திரும்பிப்போகிறவர்களிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது.

அவர்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், முன்பு ‘சி படிவம்’ எனப்பட்ட வெளிநாட்டவர் தங்கல் விவரப் படிவத்தைப் பதிய வேண்டும். விடுதியானாலும் வீடானாலும் இது பொருந்தும். வேனுக்குக் கொடைக்கானல் இ-பாஸ் எடுக்க வேண்டும்; சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நீங்களே நேரில் போய், யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். அயலார் மனதில் எழும் சந்தேகத்துக்குப் பாதிக் காரணம், அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாததுதான்.

பணம்

வெளிநாட்டவர் தரும் நன்கொடை, ரூபாயாகவே கையில் கொடுத்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புத்தான். அதற்கான பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கவே கூடாது. பதிவுள்ள அமைப்புகளும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் பெற முடியும். ஆகவே தட்டில் விழும் காணிக்கை முதல் கூரைக்கான நன்கொடை வரை எதையும் வாங்காதீர்கள். தங்குமிடம், வேன், சாப்பாடு ஆகியவற்றுக்கு அவர்களே ரசீது பெற்று நேரடியாகக் கட்டிக்கொள்ளட்டும். கூரையை நினைத்துக்கொண்டு விருந்தாளியைப் பார்த்தால், அவர்கள் சொல்லும் எதற்கும் ‘முடியாது’ என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும்.

நிரலில் மற்றவை

மருத்துவ முகாம் வேண்டாம். இந்திய மருத்துவப் பதிவு இல்லாதவர் இங்கே சிகிச்சை தர முடியாது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் தாங்களாகச் சிகிச்சை தரவும் முடியாது. உங்களுக்கு முகாம் தேவையென்றால் கொடைக்கானலிலேயே வான் ஆலன் மருத்துவமனை இருக்கிறது. மலையிறங்கினால் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜேக்கப் செரியனும் டாக்டர் ஏ.கே. தரியனும் இளம் மருத்துவர்களாக வந்து 1955இல் அதைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு முகாமைக் கேட்டால், மாத்திரை தீர்ந்த பிறகும் நோயாளி போய் நிற்க ஒரு வாசல் இருக்கும்.

குழந்தைகள் இல்லத்தையும் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளிடம் இரண்டு மணி நேரம் கொஞ்சி விளையாடிவிட்டுப் போவது அவர்களுக்கு இன்னொரு பிரிவுதான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படும்படி படம் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. கையில் கைப்பேசியோடு வரும் பதினான்கு பேரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். உங்கள் சபைப் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியை வழக்கம்போல மே மாதத்தில் உங்கள் வாலிபர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் நடத்தட்டும். ஜூனில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். வண்ணம் பூசும் வேலையை உங்கள் ஊர்ப் பெயின்டருக்குக் கொடுங்கள். அவர் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது. மாணவர் ஒருவரின் விமானச் சீட்டே லட்ச ரூபாயைத் தொடும். அத்தனை தொலைவு வந்து, ஊரில் உள்ளவர் இன்னும் நன்றாகச் செய்யும் வேலையைச் செய்துவிட்டுப் போவதில் யாருக்கும் லாபமில்லை.

பிறகு எதற்கு அவர்கள் வர வேண்டும்?

உங்கள் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். விடை நம் மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடிச் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனிமலை ஏறி, 1845இல் கொடைக்கானலில் சன்னிசைட், ஷெல்டன் என்ற முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சாலை இல்லாத அந்தக் காலத்தில் வெள்ளகவிப் பக்கமாக அவர்களை டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் நம் ஊர் மக்கள். நகரம் பிறந்தது அப்படித்தான். வந்தவர்களுக்கு உயிர்காக்கும் இடமாக இருந்த மலை, நம்மவர்களுக்குச் சுமக்கும் வேலையாக இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த அலையை மாணவர்கள் கொண்டுவந்தார்கள். 1886இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மவுண்ட் ஹெர்மனில் நடந்த ஒரு மாணவர் மாநாட்டில் நூறு பேர் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவதாகக் கையெழுத்திட்டார்கள். மாணவர் தன்னார்வ இயக்கம் அதில்தான் தொடங்கியது. அந்த இயக்கத்தில் ஊக்கம் பெற்ற ஷெர்வுட் எட்டி 1896இல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்தார். மகனைத் தொடர்ந்து வந்த அவர் தாயார் மார்கரெட் எட்டி, 1901இல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

எட்டி தமிழ் கற்றார். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.சா. அசரியாவோடு நெருங்கிய நட்புக் கொண்டார். அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபை தன் சொந்தக் காசில் ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியர்களுடையவை. 1912இல் அசரியா தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1910இல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. மிஷனரிகளின் தியாகத்துக்கும் ஈகைக்கும் நன்றி சொன்ன அசரியா, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். இந்திய ஊழியரைச் சமமாக உட்காரவைக்காத மிஷனரி எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்பது அவர் மனக்குறை. அவர் கேட்டதை உங்கள் சபையும் கேட்க வேண்டும். அந்த மாணவர்களிடம் உங்களுக்குத் தேவைப்படுவது நட்பு ஒன்றுதான்.

பத்து நாளை எப்படி அமைப்பது?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, முன்வைக்கப்படுவதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்குங்கள் என்கிறார். அனுப்பப்பட்டவர்கள் விருந்தாளிகளாகத்தான் போனார்கள். உங்கள் நிரலுக்கு இதையே அடித்தளமாக வையுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர். இரவு ஒரே விடுதியில் தங்கினாலும், பகல் முழுவதும் அந்தக் குடும்பத்தோடு இருக்கட்டும். படிக்கட்டு வயலில் அந்தப் பருவத்தில் என்ன வேலையோ அதைச் சொல்லிக்கொடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டை விதைப்பதிலிருந்து விற்பது வரை விளக்குங்கள். விலை சரிந்த ஆண்டில் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்க வேண்டாம். சோலைக்காட்டையும், புல்வெளிகளை விழுங்கிய பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோட்டங்களையும் நடந்துபோய்க் காட்டுங்கள். பளியர் பழங்குடிக் குடும்பங்களோடு உங்களுக்குப் பழக்கமிருந்தால், அவர்கள் சம்மதித்தால், காட்டைப் பற்றி அவர்களே பேசட்டும்.

பாதரச ஆலையின் கதையை அவசியம் சொல்லுங்கள். அந்தத் தெர்மாமீட்டர் ஆலை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்டு 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டது. பாதரசக் கழிவு வெளிப்பட்டு மக்கள் போராடியதால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஆலையின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். தங்கள் நாட்டுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவில் இதுவும் சேர்ந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் அறிந்துபோக வேண்டும்.

கையால் செய்ய ஏதாவது வேலை வேண்டும் என்று கேட்பார்கள்; நியாயம்தான். ஊராட்சியிடம் சொல்லிவிட்டு, உங்கள் வாலிபர்களோடு சேர்ந்து ஓடையில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கை அள்ளட்டும். முன்னே நிற்பவர்கள் உங்கள் வாலிபர்களாக இருக்கட்டும். மாலையில் ஒருவருக்கொருவர் மொழி சொல்லிக்கொடுக்கலாம். ஞாயிறன்று சபையோடு சபையாக உட்கார்ந்து பாடட்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளைக் கேட்டு மகிழ்ந்து, 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவர் வழியில் இவர்களும் ஒரு கீர்த்தனையாவது கற்றுக்கொண்டு போகட்டும்.

பதில் கடிதத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதுங்கள். ஒன்று, புறப்படுவதற்கு முன் சில மாதங்கள் உங்கள் வாலிபர்களோடு காணொளியில் பேசிப் பழகி, அடிப்படைத் தமிழ் கற்க வேண்டும். இரண்டு, திரும்பிய பிறகும் குறைந்தது ஓராண்டு அந்தத் தொடர்பைக் காக்க வேண்டும். மறுமுறை வந்தால் வேறு ஊரைத் தேடாமல் உங்கள் ஊருக்கே வர வேண்டும். மூன்று, ‘ஏழைகளுக்கு உதவினோம்’ என்று உங்கள் ஊரை எங்கும் படம் காட்டக் கூடாது.

இவற்றை ஏற்றுக்கொள்ளும் குழுவுக்கு உங்கள் வீட்டு வாசலைத் திறந்துவையுங்கள். தங்கள் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கும் வயதில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, கூரை ஒழுகினாலும் ஞாயிறு தவறாமல் கூடும் உங்கள் சபை கற்பிக்கக்கூடியது நிறைய இருக்கிறது. ஏற்காவிட்டால், நன்றி கூறி வர வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அதில் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. கூரையை உங்கள் சபையும் சேகரமும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.