பழைய டிங்கி ஜெட் விமானங்கள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

டிங்கி டாய்ஸின் ஹாக்கர் ஹன்டர் பொம்மை விமானத்தை உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாது. அவ்வளவு சின்னது. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து மெக்கானோ கம்பெனி 1955-ல் இதை வெளியிட்டது. நிஜ ஹன்டர் 1957 முதல் இந்திய விமானப்படையில் பறந்தது. 1971 போரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்கியதும் இந்த விமானம்தான். இந்தப் பொம்மைகளைச் சேர்க்கும் ஆசை நம்மூர்க்காரருக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் ஆசை வந்த வேகத்தில் கண்டதையும் வாங்கினால் பணம் போகும், அலமாரி மட்டும் நிரம்பும்.

முதல் படி: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டிங்கி போர் ஜெட்களில் அடிப்படையானவை ஏழு. 1946-ல் மீட்டியர், 1947-ல் அமெரிக்க ஷூட்டிங் ஸ்டார். பிறகு 1955-ல் ஸ்விஃப்ட், ஹன்டர், 1956-ல் ஜாவலின், 1959-ல் லைட்னிங், 1960-ல் சீ விக்ஸன். முதல் இரண்டும் லைட்னிங்கும் வெள்ளி நிறம். ஸ்விஃப்ட், ஹன்டர், ஜாவலின் மூன்றுக்கும் சாம்பலும் பச்சையும் கலந்த போர்க்களப் பூச்சு. சீ விக்ஸன் கடற்படை விமானம். மேலே சாம்பல், அடியில் வெள்ளை. இந்த ஏழோடு தொடங்குங்கள். பிரான்ஸ் டிங்கியின் மிஸ்டேர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை. 1965 போரில் சர்கோதா விமானதளத்தைத் தாக்கிய நம் விமானங்களில் அந்த ரகமும் உண்டு.

1970-களில் வந்த ஹாரியர், ஃபேன்டம், ஜாகுவார் ஆகியவை அளவில் பெரியவை, விளையாட்டு அம்சமும் அதிகம். ஃபேன்டமில் ஸ்பிரிங் வைத்த ஏவுகணைகள் பாயும். ஆனால் அந்தக் குட்டி ஏவுகணைகளைப் பிள்ளைகள் எப்போதோ தொலைத்திருப்பார்கள். இன்று பொருத்தியிருப்பது பெரும்பாலும் புதிதாகச் செய்த மாற்று. இவற்றை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிங்கியின் வல்கன் குண்டுவீச்சு விமானம் பற்றிப் பலரும் காதில் ஓதுவார்கள். அலுமினியத்தில் வார்த்தது, ஏறத்தாழ 500 மட்டுமே செய்து கனடாவுக்கு அனுப்பினார்கள் என்பது சேகரிப்பாளர்கள் கணக்கு. தொடங்குகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். போலிகளும் அதில்தான் அதிகம்.

இரண்டாம் படி: எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள்

டிங்கி பழைய பட்டியல் எண்களைப் பிற்காலத்தில் வேறு பொம்மைகளுக்கும் கொடுத்தது. 732 என்று தேடினால் மீட்டியரும் வரும், போலீஸ் ஹெலிகாப்டரும் வரும். 736 ஹன்டருக்கும் உண்டு, ஜெர்மன் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டருக்கும் உண்டு. இதற்கு நேர்மாறான குழப்பமும் இருக்கிறது: 70ஈ என்று வந்த மீட்டியர்தான் பின்னர் 732 ஆனது. பொம்மை அதே பொம்மை. எண்ணோடு பெயரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

மூன்றாம் படி: திருப்பிப் பாருங்கள்

விற்பவர் மேற்புறத்தைத்தான் படம் எடுத்துப் போடுவார். அடிப்புறப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இறக்கைக்கு அடியில் விமானத்தின் பெயரும் டிங்கி, மெக்கானோ பெயர்களும் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். அந்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் பெயின்ட் அசல் என்று ஓரளவு நம்பலாம். எழுத்துகள் மழுங்கி, இடுக்கில் பெயின்ட் தேங்கியிருந்தால் யாரோ மேலே பூசியிருக்கிறார்கள். மூக்கு நுனி, இறக்கை நுனி, வால் உச்சி ஆகியவைதான் முதலில் உரியும் இடங்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன பொம்மையில் அந்த மூன்றும் பளபளவென்று இருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் புதிதாகத் தொட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும்.

அடியில் ‘நிக்கி’ என்று இருந்தால் அது வேறு கதை. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் இங்கேயே பொம்மைகள் வார்க்கப்பட்டன. சிலவற்றில் டிங்கி என்ற எழுத்தை அழித்த தடம்கூடத் தெரியும். பூச்சு கொஞ்சம் முரடு. இதைப் போலி என்று தள்ளாதீர்கள். இந்தியச் சேகரிப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்பேன்.

நான்காம் படி: பெட்டிக்கு எவ்வளவு கொடுப்பது

அசல் அட்டைப் பெட்டி இருந்தால் விலை எகிறும். சில சமயம் பொம்மையைவிடப் பெட்டிக்கே கூடுதலாகக் கேட்பார்கள். புதிதாக அச்சடித்த பெட்டிகளும் தாராளமாகச் சந்தையில் உண்டு. மீட்டியரும் ஷூட்டிங் ஸ்டாரும் அரை டஜன் அடங்கிய பெட்டியில் கடைக்குப் போயின. கடைக்காரர் எடுத்து ஒவ்வொன்றாக விற்றார். எனவே தனிப் பெட்டியோடு ஒரு மீட்டியர் வந்தால் முதல் கேள்வி பெட்டியைப் பற்றியதாக இருக்கட்டும். என் கட்சி, பெட்டி இல்லாத நல்ல விமானம். அந்தக் காசில் இன்னொன்று வாங்கிவிடலாம்.

ஐந்தாம் படி: வீட்டில் வைப்பது

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடித்து, உதிரும். இதற்கு மருந்து கிடையாது. ஜெட்கள் எல்லாம் போருக்குப் பிறகு வந்தவை என்பதால் இந்த நோய் அரிது. இருந்தாலும் மயிரிழை விரிசல் தெரிந்தால் வாங்காதீர்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். பாலிஷ் வேண்டாம், ஸ்டிக்கர் உரிந்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பேரன் கேட்டால் புதிய பொம்மை வாங்கிக் கொடுங்கள்.

உரிந்த இடத்தில் பெயின்ட் அடிக்கக் கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். தொட்டதும் மதிப்பு பாதியாகிவிடும்.

முதல் விமானமாக மீட்டியரை வாங்குங்கள். 1960-களின் தொடக்கம் வரை செய்துகொண்டே இருந்ததால் நிறையக் கிடைக்கிறது, விலையும் கைக்கு அடக்கம். ஏதாவது தவறினாலும் நஷ்டம் பெரிதாக இருக்காது.