ஒரு மணிக்கு ஒரு மணி: நேர வங்கி ஓர் அறிமுகம்

பணமின்றிக் கொடுக்கல் வாங்கல் நடக்குமா என்று கேட்டால், நம்மில் பலர் உடனே பண்டமாற்றைச் சொல்வோம். நான் இங்கே சொல்ல வருவது அதுவன்று. நேர வங்கியில் பணமும் இல்லை, பண்டமும் இல்லை. பிறருக்காக நான் ஒரு மணி நேரம் உழைத்தால் என் கணக்கில் ஒரு மணி வரவு. அவர் கணக்கில் ஒரு மணி பற்று. அந்த மணியை அவரிடமே திரும்பப் பெற வேண்டியதில்லை, உறுப்பினர் எவரிடமும் பெறலாம். நம் மொய்ப் பழக்கத்திலிருந்து இது விலகும் இடம் இதுதான். மொய்யில் கடன் தனி மனிதருக்கு. இங்கே கடன் வட்டத்திற்கு.

இதற்கு முதலில் வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் ஜப்பானியக் குடும்பப் பெண்மணி தெருகோ மிசுஷிமா. போர்க்காலத் தட்டுப்பாட்டில் தையல் வேலை செய்து கொடுத்துக் காய்கறி பெற்றவர் இவர். 1950இல் நாளேடு ஒன்றின் கட்டுரைப் போட்டிக்கு உழைப்பையே நாணயமாக்கும் திட்டத்தை எழுதிப் பரிசு பெற்றார். 1973இல் ஒசாகாவில் அதனை வங்கியாகவே தொடங்கினார். உடலில் வலு உள்ளபோது சேமித்த மணிகளை நோயிலும் முதுமையிலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவரது எண்ணம்.

அமெரிக்காவில் இதனைப் பரப்பியவர் சட்டப் பேராசிரியர் எட்கர் கான். 1980இல் மாரடைப்பால் மருத்துவமனையில் கிடந்தபோது, இனி யாருக்கும் பயன்படாதவனாகிவிட்டோமோ என்ற உணர்விலிருந்து இச்சிந்தனை அவருக்கு எழுந்தது. சந்தை அரிதானதற்கே விலை தரும் என்பார் கான். பிள்ளை வளர்ப்பதும் முதியோரைப் பார்த்துக்கொள்வதும் எல்லாராலும் இயல்வன. ஆகவே சந்தையில் அவற்றுக்கு மதிப்பு குறைவு.

சரி, மருத்துவரின் ஒரு மணியும் கூட்டிப் பெருக்குபவரின் ஒரு மணியும் ஒன்றா? வகுப்புத் தோழர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் 1991இல் பால் குளோவர் தொடங்கிய 'இத்தாக்கா மணி' என்னும் உள்ளூர் நாணயம் இதற்கு வேறு விடை தந்தது. ஒரு மணித் தாளுக்குப் பத்து டாலர் மதிப்பு வைத்தார்கள். தொழில் வல்லுநர்கள் ஒரு மணி வேலைக்குப் பல மணித் தாள்கள் கேட்கவும் இடம் இருந்தது. அதனால் கடைகளிலும் அது செல்லுபடியானது. ஆனால், பெயரில்தான் மணி இருந்தது; பழைய கூலி ஏணி அப்படியே இருந்தது. நேர வங்கி அந்த ஏணியை ஏற்பதில்லை. அதற்கு அது கொடுக்கும் விலையும் உண்டு: நேர வங்கி மணியைக் கொண்டு அரிசி வாங்க முடியாது, மின்கட்டணம் கட்ட முடியாது. ஆகவே பணத்தின் இடத்தை இது பிடித்துவிடும் என்பாரோடு நான் உடன்படவில்லை. பணம் எட்டாத இடத்தில்தான் இதற்கு வேலை.

ஜப்பானில் 'ஃபுரேஐ கிப்பு' என்றழைக்கப்படும் முறையைப் படித்தபோதுதான் இது என் வீட்டுச் செய்தியாயிற்று. அங்கே சில அமைப்புகளில், தாம் வாழும் ஊரில் ஒரு முதியவருக்கு உதவி ஈட்டிய மணிகளை வேறோர் ஊரிலிருக்கும் பெற்றோரின் பெயருக்கு மாற்றிவிடலாம். என் பாட்டி சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார், நான் கோலாலம்பூரில். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவரை மருத்துவமனைக்கு யாரேனும் அழைத்துச் செல்ல வேண்டும். இங்கே நான் ஒரு மாணவனுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இரண்டு மணி, அங்கே அவருக்குத் துணையாகப் போய்ச் சேருமானால்!

இடர்களும் உள. நம்மவர் கூட்டுப் பணம் கட்டி ஏமாந்த கதைகள் ஏராளம். 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது. நேர வங்கியில் தூக்கிக்கொண்டு ஓடப் பணம் இல்லைதான். ஆயினும் கணக்கு வைத்திருக்கும் அமைப்பு கலைந்தால், இருபது ஆண்டு கழித்து உதவும் என்று சேர்த்த மணிகளும் கலைந்துவிடும். இன்னொன்று, பலர் மணி சேர்ப்பார்கள், எடுக்கத்தான் கூச்சம். எல்லாரும் கொடுப்பவராகவே இருந்தால் வாங்க ஆளின்றி வங்கி படுத்துவிடும்.

பாட்டியிடம் தொலைபேசியில் இதை விளக்கினேன். "சும்மா யாரையும் கூட்டிட்டுப் போகச் சொல்ல மாட்டேன்யா," என்றார். ரவிக்கைக்குக் கைத்தையல் போடவும் முறுக்குப் பிழியக் கற்றுக்கொடுக்கவும் தம்மால் முடியும் என்றார். அவருடைய கணக்கில் முதல் வரவு எதுவாக இருக்கும் என்பதை நான் கேட்காமலேயே சொல்லிவிட்டார்.