தேடும் பெட்டியில் வன்னியைத் தேடுவது எப்படி?

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும், 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தர்மபுரம் என்று ஊர்ப் பேரைச் சொன்னால், "அங்கதான் எங்க சித்தப்பா இருக்காரு" என்று சொல்ல நம் லயங்களில் ஆள் உண்டு. அந்தக் குடியேற்றம் பற்றியும், அங்குள்ள உறவுகளின் பிரசாவுரிமை பற்றியும் அறிந்துகொள்ளப் பலர் விரும்புகிறார்கள். இப்போது வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. ஆனால் கூகிளில் தேடினால் வேறு என்னவோ வருகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

முதலில் ஏன் அப்படி வருகிறது என்று பார்ப்போம். தேடும் பெட்டியில் "வன்னி" என்று மட்டும் அடித்தால், அது நம் வன்னி என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? வன்னி மரமும் வரும், தமிழ்நாட்டு வன்னியர் செய்தியும் வரும். "தருமபுரம்" என்றால் மயிலாடுதுறைப் பக்கத்து ஆதீனம் வந்து நிற்கும். "கிருஷ்ணபுரம்" என்றால் திருநெல்வேலிக்குக் கிட்ட உள்ள சிற்பக் கோயிலும், கேரளத்துக் காயங்குளத்து அரண்மனையும் வரும். தமிழ்நாட்டில் தமிழ் எழுதுவோர் தொகை மிகப் பெரிது. ஆகவே அவர்கள் ஊர் முன்னால் வருகிறது, நம் ஊர் பின்னால் தள்ளப்படுகிறது. இதற்குக் கோபித்துப் பயனில்லை. யந்திரத்துக்கு விளங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும்.

அதற்குச் சில குறிகள் உண்டு. மேற்கோள் குறிக்குள் சொற்களைப் போட்டால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களையே தேடும். சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்களை விலக்கிவிடும். கொழுந்தில் முத்தல் இலையைப் பொறுக்கி எறிவோமே, அதே வேலைதான். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது. இடைவெளி விட்டால் குறி வேலை செய்யாது.

கிருஷ்ணபுரம் கிளிநொச்சி -திருநெல்வேலி -காயங்குளம்

இப்படி அடித்துப் பாருங்கள். சிலர் "-கோயில்" என்று கழிப்பார்கள். அது வேண்டாம். வன்னிக் கிருஷ்ணபுரத்துக் கோயில் திருவிழாச் செய்தியும் அதோடு சேர்ந்து போய்விடும். கழிக்கும்போது கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும்.

மேற்கோள் குறியில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஊர்ப் பேர் எங்கும் ஒரே மாதிரி நிற்கும். நாமோ கிளிநொச்சியில், கிளிநொச்சிக்கு, கிளிநொச்சியிலிருந்து என்று சொல்லை நீட்டிக்கொண்டே போவோம். "கிளிநொச்சியில் குடியேறிய" என்று மேற்கோளுக்குள் போட்டால், "கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய" என்று எழுதிய நல்ல கட்டுரை தவறிப்போகலாம். ஆகவே ஆளின் பேர், அமைப்பின் பேர், சட்டத்தின் பேர் போன்ற மாறாத சொற்களையே மேற்கோளுக்குள் போடுங்கள். மற்றதை வெளியே விடுங்கள்.

ஒரே விஷயத்தைப் பலர் பல விதமாக எழுதுவது அடுத்த சங்கடம். 1970களில் மலையகத்திலிருந்து வந்தவர்களை வவுனியாப் பகுதிப் பண்ணைகளில் குடியேற்றியதில் காந்தீயம் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அதை முன்னின்று நடத்தினார்கள். 1983இல் வெலிக்கடைச் சிறையில் டாக்டர் கொல்லப்பட்டார். "காந்தீயம்" என்று மட்டும் தேடினால் மகாத்மாவின் கொள்கை விளக்கம்தான் குவியும். டாக்டரின் பேரையும் சேர்க்க வேண்டும். ஆனால் அதை ஒருவர் இராஜசுந்தரம் என்பார், ஒருவர் ராஜசுந்தரம் என்பார், இன்னொருவர் இராசசுந்தரம் என்பார். இதற்கு ஓ, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில், இரு பக்கமும் இடைவெளி விட்டு, பேர்களுக்கு நடுவில் அடியுங்கள். 'இது அல்லது அது' என்று அதற்குப் பொருள். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே கதைதான். நடுவில் எச் போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. இரண்டையும் கேளுங்கள்.

நம்மைக் குறிக்கும் சொல்லே பல. அரசாங்கக் கணக்கெடுப்பு "இந்தியத் தமிழர்" என்கிறது. சட்டம் "இந்திய வம்சாவளி" என்கிறது. நம் எழுத்தாளர்கள் "மலையகத் தமிழர்" என்கிறார்கள். யாருடைய பத்திரத்தைத் தேடுகிறீர்களோ, அவர்களுடைய சொல்லைப் போட வேண்டும்.

இனி, எந்த இடத்தில் தேட வேண்டும் என்று சொல்லும் குறி. எஸ், ஐ, டி, ஈ என்று 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை அடித்தால், அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். முகவரியாக ஜி-ஓ-வி டொட் எல்-கே என்று போட்டால் இலங்கை அரசாங்கத் தளங்கள் மட்டும் வரும். தரகர் பக்கமும் வதந்திப் பக்கமும் விலகும். பாராளுமன்றத்துக்குத் தனி முகவரி உண்டு. அதற்கு 'பார்லிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு டொட் எல்-கே என்று போட வேண்டும். நூலகம் என்ற பேரை ஆங்கில எழுத்தில் என்-ஓ-ஓ-எல்-ஏ-எச்-ஏ-எம் என்று அடித்து டொட் ஓ-ஆர்-ஜி போட்டால், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குள் தேடலாம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது. வன்னியில் 2009 வரை நடந்த போரில் எத்தனையோ வீட்டுக் கடதாசிகள் அழிந்தன. அப்படிப்பட்ட மண்ணைப் பற்றித் தேட இதைவிட நல்ல இடம் நமக்குக் குறைவு. ஆனால் அங்கே பல பழைய ஏடுகள் படமாகவே இருக்கின்றன. உள்ளே உள்ள வரியைத் தேடினால் அகப்படாமல் போகலாம். தலைப்பையும் ஆண்டையும் தேடுவதே வசதி.

'ஃபைல்டைப்' என்ற சொல்லை எஃப்-ஐ-எல்-ஈ-டி-வை-பி-ஈ என்று இடைவெளியின்றி அடித்து, முக்காற்புள்ளிக்குப் பிறகு பி-டி-எஃப் என்று போட்டால், வர்த்தமானி, அறிக்கை போன்ற அச்சுப் பத்திரங்கள் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பத்திரங்கள் மட்டும் தமிழில் தேடினால் சிக்காது. அவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை போலத்தான் யந்திரத்துக்குத் தெரியும். அதே பத்திரத்தின் ஆங்கிலப் பிரதியைத் தேடுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். பிரசாவுரிமை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கே நிரந்தரமாக வசிக்கும் அவர்களது சந்ததிக்கும் பிரசாவுரிமை கொடுத்தது. வன்னியில் இருக்கும் சித்தப்பா வீட்டார் சிலர் போர்க்காலத்தில் படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். "நிரந்தரமாக இங்கே இருக்கல்லியே, அப்ப உரிமை இல்லியா?" என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 2003 என்றும் 35 என்றும் மட்டும் தேடியவர், இல்லை என்று கை விரித்துவிடுவார். அப்படிக் கலவரத்தாலும் போராலும் இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்களை மனதில் வைத்தே 2009ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. சட்டத்தைத் தேடும்போதெல்லாம் "திருத்தம்" என்ற சொல்லையும் போட்டு இன்னொரு தடவை தேட வேண்டும். நாம் பிரசாவுரிமை என்கிறோம், வேறு பத்திரங்கள் பிரஜாவுரிமை என்றோ குடியுரிமை என்றோ சொல்லும். மூன்றையும் 'அல்லது' குறியால் சேருங்கள்.

இப்போது தேடினால் உச்சியில் யந்திரமே தொகுத்துத் தரும் ஒரு பதிலும் வருகிறது. சமையல் குறிப்புக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. கீழே இறங்கிச் சட்டத்தின் மூலப் பக்கத்தைத் திறந்து, இலக்கத்தையும் ஆண்டையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ "போன்ல பாத்தோம்" என்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சட்ட இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால், அவரும் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்.