கேமரா வாங்கும் முன் கற்க வேண்டியவை: நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு புகைப்படப் பாடம்



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் இப்போது புகைப்படத் தொழிலில் ஆர்வம் காட்டுகிறார்கள். நிக்காஹ், வலீமா, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா என வேலைக்கும் குறைவில்லை. அதே வேளையில் ஒரு கவலையும் இருக்கிறது. கையில் தொழில் பழகும் முன்பே விலை உயர்ந்த கேமராவைத் தவணையில் எடுத்துவிட்டு, மாதம் பிறந்தால் வட்டியோடு தவணை கட்ட முடியாமல் குடும்பங்கள் தவிக்கின்றன. நகையை அடகு வைத்து வாங்கிய கேமரா அலமாரியில் தூங்குவதும் உண்டு. அந்த நிலை வராமலிருக்கவே இந்தப் பாடம். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படியுங்கள்.

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. அவரவர் தாம் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒளியிலிருந்து தொடங்குவோம்

பஸராவில் சுமார் 965-ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர் இப்னு அல் ஹைஸம். அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள ஒளி அதன் வழியே நேர்கோட்டில் வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாகப் படிவதை அவர் சோதித்து விளக்கினார். சூரிய கிரகணத்தின் வடிவத்தையும் இப்படித் துளை வழியே ஆராய்ந்தார். அந்த நூலின் ஆயிரமாண்டு நிறைவு, 2015-இல் கொண்டாடப்பட்ட சர்வதேச ஒளி ஆண்டில் நினைவுகூரப்பட்டது. இன்று நம் பையில் இருக்கும் கைபேசிக் கேமராவும் அந்த இருட்டறையின் சின்ன வடிவம்தான். துளை இருந்த இடத்தில் லென்ஸ், சுவர் இருந்த இடத்தில் சென்சார்.

ஆகவே கேமரா பிடிப்பவர் முதலில் பழக வேண்டியது ஒளியைக் கவனிப்பதை. ஜன்னல் ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து, முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று பாருங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். காலை எட்டு மணிக்குள்ளும், அஸருக்குப் பின்னும் அதே முகம் மென்மையாகத் தெரியும். இதைப் பழகக் காசு எதுவும் தேவையில்லை.

மூன்று கைப்பிடிகள்

எந்தக் கேமராவாக இருந்தாலும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு.

1. அப்பர்ச்சர்: லென்ஸின் துளை அளவு. எஃப்/1.8 என்றால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம், பின்புலம் மங்கும். எஃப்/8, எஃப்/11 என்றால் துளை சிறிது, முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை எஃப்/1.8-இல் எடுத்தால் முன்வரிசை தெளியும், பின்வரிசையில் நிற்கும் பெரியவர்கள் மங்கிவிடுவார்கள். அங்கே எஃப்/5.6 அல்லது எஃப்/8 வையுங்கள்.

2. ஷட்டர் வேகம்: ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது என்பது. ஓடும் குழந்தைக்கு 1/500 விநாடி வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு 1/125 போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகளும் பல எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. மண்டபத்தில் எடுக்கும் படத்தில் கோடு கோடாகப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

3. ஐ.எஸ்.ஓ.: வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. கூட்டினால் இருட்டிலும் படம் வரும், ஆனால் மணல் தூவியது போலப் புள்ளிகள் சேரும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றால் ஈடுகட்ட வேண்டும். கைபேசியிலேயே 'புரோ' முறையில் ஷட்டர், ஐ.எஸ்.ஓ. இரண்டையும் மாற்றிப் பழகலாம். ஒரு மாதம் இப்படிப் பழகிய பிள்ளைக்கு, கேமரா வாங்கும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று தானாகத் தெரியும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

*நிக்காஹ், வலீமா:* ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர சென்சார் கேமராவே தொடக்கத்துக்குத் தாராளம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ.; ஏ.பி.எஸ்.-சி அதைவிடச் சிறியது. அதனால் அதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் சுமார் 75 முதல் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சி குறுகும். தனிநபர் படத்துக்கு அது நல்லது; சின்ன அறையில் குழுப்படத்துக்கு உதவாது. அங்கே கேமராவோடு வரும் 18-55 போதும். இத்துடன் ஒரு 35 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், கூடுதல் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஃபிளாஷை முகத்துக்கு நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரையின் பக்கம் திருப்பி அடியுங்கள். நிக்காஹ் ஒருமுறைதான் நடக்கும். ஆகவே வீடு திரும்பிய அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் நகல் எடுத்துவையுங்கள்.

*கடைப் பொருள், உணவு, தையல், எம்பிராய்டரி:* வீட்டிலிருந்தே தொழில் செய்யும் சகோதரிகளுக்குக் கேமரா தேவையே இல்லை. கைபேசி, ஜன்னல் வெளிச்சம், பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். ஜூம் செய்யாமல் பக்கத்தில் போய் எடுங்கள்.

*ஆவணப் படம்:* கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குச் சான்றிதழைப் படம் எடுக்கும்போது அதைத் தரையில் வைத்து, நிழல் விழாமல், கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். எழுத்து தெளிவில்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் ஒரு பிள்ளையின் படிப்புக்கே இடையூறு வரலாம்.

*இயற்கைக் காட்சி:* ஒகேனக்கல் அருவியைப் பட்டு இழைபோல எடுக்க ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரை அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை திறக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அப்படி எடுக்க என்.டி. ஃபில்டர் என்னும் கருங்கண்ணாடி தேவை. சாரலைத் துடைக்கப் பருத்தித் துணியும் எடுத்துச் செல்லுங்கள். வழுக்குப் பாறையில் நின்று படம் எடுக்க வேண்டாம். உயிர் அல்லாஹ் தந்த அமானத்.

*பறவை, விலங்கு, பிறை:* 300 மி.மீ. அளவுக்காவது நீண்ட லென்ஸ் வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1000 விநாடி அல்லது அதற்கு மேல் தேவை. பிறையை எடுக்கும்போது கேமராவைத் தானியங்கியில் விட்டால் இருண்ட வானத்தைப் பார்த்துவிட்டுப் பிறையை வெளிறச் செய்துவிடும். வெளிச்சத்தை நீங்களே குறையுங்கள். காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி அவசியம்.

இந்தத் துறையில் மா. கிருஷ்ணனை (1912–1996) நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படம் பிடித்தார். 1950 முதல் மறையும்வரை 46 ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கை பற்றி எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றார். விலங்கின் பழக்கத்தை அறிந்து பொறுமையாகக் காத்திருந்ததே அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது.

*கல்வெட்டு, நடுகல்:* நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் அவற்றைக் காணலாம். தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை, மாலைச் சாய்வெயிலிலோ, பக்கவாட்டில் டார்ச் பிடித்தோ எடுத்தால் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். நம் பள்ளிவாசல்களின் பழைய கல்வெட்டுகளையும் மீஸான் கற்களையும் இதே முறையில் பதிவு செய்யலாம்.

*மக்கள் வாழ்க்கை:* பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தை, தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகள் என நம் கண்ணெதிரே எத்தனையோ இருக்கின்றன. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் ஒரு மீன் விற்கும் தாயின் மகன். உழைக்கும் மக்களைப் படம் எடுப்பதையே தம் பணியாக்கிக்கொண்டவர். மலக்குழித் தொழிலாளர் பற்றிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். ஏழைப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றும் தருகிறார். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று எண்ணுபவர்கள் அவரைப் பார்க்கட்டும்.

கடனும் கேமராவும்

முதல் கேமரா புதியதாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது நான்கைச் சோதியுங்கள்.

- ஷட்டர் எண்ணிக்கை: ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவற்றின் ஷட்டர் சுமார் 1 லட்சம் படங்களுக்கு வடிவமைக்கப்பட்டது.
- லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள்.
- வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி அல்லது கறை.
- பில் இருக்கிறதா, திருட்டுப் பொருள் இல்லையே என்று உறுதி செய்யுங்கள்.

ஆர்டர் வந்த நாளுக்கு மட்டும் லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். ஒரு மூத்த புகைப்படக்காரருக்கு உதவியாளராக ஓராண்டு போனால் தொழிலும் வரும், தொடர்பும் வரும். அதன் பிறகு கேமரா தேவைப்பட்டால் வட்டிக் கடனுக்குப் போகும் முன் உறவினரிடமோ, ஜமாஅத் பைத்துல் மாலிலோ அழகிய கடன் கேளுங்கள். பிள்ளை ஓராண்டு எடுத்த படங்களைக் காட்டிக் கேட்டால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

நம் பெண் பிள்ளைகளுக்கு

நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண் புகைப்படக்காரரைப் பலர் தேடுகிறார்கள்; கிடைப்பதோ அரிது. நம் மகள்கள் இதைக் கற்றால் கண்ணியமான வருமானம் உண்டு. ஆனால் இந்தத் தொழிலின் முதலீடு நம்பிக்கைதான். பெண்கள் பகுதிப் படங்களை உரியவரிடம் ஒப்படைத்தபின் கார்டிலும் கணினியிலும் அழித்துவிடுங்கள். விளம்பரத்துக்காக ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு படம் வெளியே கசிந்தால் ஒரு குடும்பத்தின் நிம்மதி போகும். தொழிலும் அத்தோடு முடியும்.

உதவி பெறும் கைகளைப் படம் எடுக்கலாமா?

இது எங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்கான பாடம். ரமலானில் அரிசிப் பையோ, தையல் இயந்திரமோ கொடுக்கும்போது வாங்குபவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவர் மறுக்க முடியாத நிலையில் நிற்கிறார். அவருடைய பிள்ளையின் வகுப்பு நண்பர்கள் அந்தப் படத்தை நாளை கைபேசியில் பார்ப்பார்கள். மறைத்துக் கொடுக்கும் தர்மத்தின் சிறப்பை மக்தபிலேயே படித்தவர்கள் நாம்.

கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பதும் உண்மை. அதற்கு அடுக்கிவைத்த பைகளை எடுக்கலாம். கொடுக்கும் தொண்டர்களின் கைகளை எடுக்கலாம். பெறுபவரின் முதுகுப்புறத்திலிருந்து, முகம் தெரியாமல் எடுக்கலாம். தணிக்கைக்குக் கையொப்பமிட்ட பதிவேடு போதும். இந்த இதழில் உதவி பெறுபவரின் முகத்தை வெளியிடுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மற்ற ஜமாஅத்களும் இதைப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறோம்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: வீட்டு ஜன்னலருகே ஒரே பொருளைக் காலை, நண்பகல், மாலை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாம் வாரம்: ஓடும் சைக்கிளை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுங்கள். மூன்றாம் வாரம்: அனுமதி கேட்டு, தெருவில் உழைக்கும் ஒருவரை ஐந்து படங்களில் காட்டுங்கள். நான்காம் வாரம்: எடுத்தவற்றில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதுங்கள். பெற்றோர் அந்தக் குறிப்பைப் படியுங்கள். பிள்ளைக்கு இது பொழுதுபோக்கா, தொழிலா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான சம்பாத்தியத்தையும், பிறர் மானம் காக்கும் மனதையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.