வளைகாப்புக்கு ஒரு குளியல் பொடி

சகோதரிகளே, வளைகாப்புக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சு. இந்த முறை நம் கையால் செய்த குளியல் பொடி கொடுத்துப் பாருங்களேன்.

பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, பூலாங்கிழங்கு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ் தலா 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். பூக்களை நிழலிலும் மற்றதை வெயிலிலும் காயவைக்கவும். இதழ் கையில் நொறுங்கணும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கு. வெட்டிவேரைச் சின்னதாக நறுக்கிடுங்க, இல்லாட்டி மிஷினில் சுத்திக்கும்.

மில்லில்தான் கவனம் வேண்டும். நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால், பூசுகிற பொண்ணு முகம் எரியும். "துடைச்சிட்டேம்மா" என்று சொன்னாலும் நம்பாதீங்க. சீயக்காய் மிஷினில் கேளுங்க. அதிலும் முதலில் விழும் இரண்டு பிடியை ஒதுக்கிடுங்க.

அரைத்த பொடி சூடாக இருக்கும். வேட்டித் துணியில் பரப்பி ஆறவிட்டு, சலித்து அடைக்கவும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

என்னென்ன சேர்த்தோம், என்றைக்கு அரைத்தோம் என்று எழுதி ஒட்டுங்க. முதலில் முன்கையில் தடவி, அரிப்பு இல்லை என்றால்தான் முகத்துக்கு. கைக்குழந்தைக்கு வேண்டாம், தூசி மூக்கில் ஏறும்.

கடையில் வைத்து விற்க ஆசைப்பட்டால், உரிமம் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்ட பிறகே இறங்கவும்.