‘பிரிசப்போஸ்’ என்னும் வினைச்சொல்லும் சில பிரமைகளும்

அகராதியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே அச்சிட்டிருக்கும் தமிழ்ச் சொல்லைக் கண்டவுடனே அதன் அர்த்தம் முழுவதும் வசமாகிவிட்டதென்று திருப்தியடைவோருக்கு, ‘அஸ்யூம்’, ‘பிரிஸ்யூம்’, ‘பிரிசப்போஸ்’ ஆகிய மூன்றும் ஒன்றே. மூன்றுக்கும் ‘முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுதல்’ என்று எழுதிவிட்டு மேலே சென்றுவிடுவார்கள். இது முதல் பிரமை. ஆதாரத்தை விசாரியாமல் ஒன்றை ஏற்றுக்கொண்டு காரியத்தைத் தொடங்குவது ‘அஸ்யூம்’. மாறான சாட்சியம் வரும் வரையில் ஒன்றை மெய்யென்று கொள்வது ‘பிரிஸ்யூம்’. நியாய ஸ்தலங்களுக்கு மிகவும் உகந்த சொல் அது. 7 வருஷ காலம் ஒருவனைப் பற்றி அவனுடைய சுற்றத்தார் ஒரு தகவலும் கேள்விப்படவில்லையென்றால், அவன் உயிரோடிருக்கிறான் என்று வாதிப்பவனே அதை நிரூபிக்க வேண்டுமென்று 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது இந்த வகையைச் சேர்ந்ததே. காணாமற்போனவன் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றால் அந்த அனுமானம் அப்போதே தீர்ந்துபோகும்.

‘பிரிசப்போஸ்’ இவ்விரண்டிலும் சேராதது. முன்னதாக எண்ணுவதென்றால் எண்ணுகிறவன் ஒருவன் இருக்கவேண்டுமே என்று கருதி, மனிதனையே அதற்கு எழுவாயாக வைப்பது நம்மவர்களிடம் மிகுதி. அது பிழையன்று, ஆனால் ஆங்கிலேயர் எழுத்தில் அந்த ஸ்தானத்தில் பெரும்பாலும் அமர்வது ஒரு கேள்வியோ, திட்டமோ, சித்தாந்தமோதான். பேசுகிறவன் மனத்தில் என்ன நினைத்தான் என்பதைவிட, அவன் வாயிலிருந்து வந்த வாக்கியம் எதைத் தன் அடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பதையே இச்சொல் சுட்டுகிறது.

ஒரு கூற்றை மறுத்துவிட்டால் அதற்கு அடியிலிருப்பதும் மறுக்கப்பட்டுவிடும் என்பது எல்லாவற்றிலும் அபாயகரமான நம்பிக்கை. குறுக்கு விசாரணையில் வக்கீல், ‘அந்தக் கடிதத்தைக் கிழித்தபோது உமக்குக் கோபமா?’ என்று கேட்கிறார்; சாட்சி, ‘இல்லை, கோபமில்லை’ என்று வெகு ஜாக்கிரதையாகப் பதில் சொல்லிவிட்டு, தாம் தப்பித்துக்கொண்டதாகப் பெருமூச்சு விடுகிறார். கடிதம் கிழிக்கப்பட்டது என்பதோ ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் பதிவேட்டில் ஏறிவிடுகிறது! ‘நான் கிழிக்கவேயில்லை’ என்று கேள்வியின் அடித்தளத்தையே தகர்த்தாலன்றி அவருக்கு விமோசனமில்லை. மறுப்பிலும் அழியாத இந்தத் தன்மையை ஜெர்மானிய தர்க்க நிபுணர் பிரேகே 1892-இலேயே எடுத்துக்காட்டினார். அந்த அடித்தளமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரான்ஸ் தேசத்தில் ராஜாவே இல்லாத இந்நாளில், ‘பிரான்ஸின் இன்றைய ராஜா வழுக்கைத் தலையர்’ என்று ஒருவன் சொன்னால் அது பொய் என்றார் ஆங்கிலேயத் தத்துவ நிபுணர் ரஸ்ஸல், 1905-இல். மெய்யா பொய்யா என்ற கேள்வியே அங்கு எழவில்லை என்று 1950-இல் மற்றோர் ஆங்கிலேயத் தத்துவ நிபுணரான ஸ்ட்ராஸன் பதிலளித்தார். சாதாரண மனிதனின் காது ஸ்ட்ராஸன் பக்கமே சாய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

‘பிரிசப்போஸ்’ சுட்டும் இந்த அடித்தளம் நம் மீமாம்சகர்கள் கூறிய அர்த்தாபத்தியே என்று சொல்லும் பண்டிதர்களும் உண்டு. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வது அர்த்தாபத்தி. அவன் பருத்திருக்கவில்லை என்று மறுத்துப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டை ஊகிக்கும் அவசியமே போய்விடுகிறது. மறுத்தால் மறைவது அது. மறுத்தாலும் நிலைப்பது இது. சாஸ்திர அபிமானம் நல்லதுதான், ஆனாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டுவதற்கில்லை.

பிரயோகத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இவ்வினைக்குப் பின் ஒரு பெயர்ச்சொல் வரலாம். ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியமும் வரலாம். ‘டு’ போட்டு வேறொரு வினையைக் கோப்பது ஆகாது. ‘பிரிஸ்யூம்’ என்பதோடு ‘டு’ சேருமே என்று கேட்டால், சேரும்; ஆனால் அங்கே அதற்குத் துணிச்சல் கொள்ளுதல், உரிமை மீறுதல் என்ற வேறு அர்த்தம் வந்துவிடும். அன்றியும், ஒரு திட்டம் போதிய மழையைப் ‘பிரிசப்போஸ்’ செய்கிறது என்பதைத் தொடர் நிகழ்காலத்தில், ‘இங்’ விகுதியோடு எழுதுவது ஆங்கிலக் காதுக்கு ஒவ்வாது. ஏனெனில் அது திட்டம் செய்துகொண்டிருக்கும் வேலையன்று, திட்டத்தின் நிலை.